பிழை வரம்பு

உளுந்தளவு சில்லு.
அதன் நடுவில், இமையைவிட மெல்லிய ஒரு சவ்வு.
காற்று அழுத்தினால் நெளியும்.
நெளிவை மின்சாரம் எண்ணாக்கும்.
அவ்வளவுதான் நாங்கள் செய்வது,
பாயான் லெப்பாஸில், மூன்றாம் மாடியில்,
உச்சிமுதல் கால்வரை நீலத்தில் மூடிக்கொண்டு.

குளிரில் வைத்துக் கேட்போம், சூட்டில் வைத்துக் கேட்போம்.
இரண்டிலும் ஒரே பதில் சொல்பவை
வெள்ளைத் தட்டுக்கு: ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்.
கொஞ்சம் பிசகுபவை
கறுப்புத் தட்டுக்கு: டயர் காற்றுக்கு.
மனுசனுக்கு ஆகாதது லோரிக்கு ஆகும்
என்பாள் நோர்ஹயாத்தி, மலாயில்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
என் தம்பி லோரி ஓட்டுகிறான்.

செவ்வாய்க்கிழமை. மழைவிட்ட ஐந்தே முக்கால்.
பிறையிலிருந்து கிளம்பிய கம்பெனி வேனில்
பதினோரு பேர்; பத்துப் பேர் தூக்கம்.
பாலத்தின் மேட்டில் ஏறும்போது
டயர் விளக்கு மஞ்சளாய் எரிந்தது.
சன்னாசி அண்ணன் அதன்மேல்
பிளாஸ்திரி ஒன்றை இழுத்து ஒட்டினார்.
ஏற்கெனவே ஒட்டி, பிய்த்து, ஒட்டிய பிளாஸ்திரி.

உடனே இன்னொன்று கத்தியது,
அவர் சட்டைப்பையில், கைப்பேசியில்.
புஜத்தில் ஐம்பது காசு அகலத்தில்
ஒட்டியிருக்கும் சர்க்கரை உணரியின் குரல்.
சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மகள்
மாதம் இரண்டு வாங்கி அனுப்புகிறாள்.
எடுத்துப் பார்க்காமலே
துணியோடு சேர்த்து நசுக்கினார்.

நிறுத்துங்கண்ணே.
இதுவா? சும்மா கத்தும்மா.
எது?
ரெண்டும்.

ஏர்கோன் குளிரில் எங்களுக்குப் பல் கிட்டியது.
கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும்
சோளம் சோளமாய் வேர்த்திருந்தது.
வேன் வெள்ளைக் கோட்டைத் தொட்டது.
விலகியது. மறுபடி தொட்டது.
மோட்டார்காரன் ஒருவன் ஹாரனில் திட்டிக்கொண்டு போனான்.

நிறுத்துங்க.

அவசரத் தடத்தில், கீழே கறுப்பாய்க் கடல்.
பையில் எப்போதும் கிடக்கும் பேனா அளவுமானியோடு
நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்தேன்.
நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
விளக்கு பொய்.
அவர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி ஒன்பது.
நடுங்கிய விரல்கள் அதை மறுக்கவில்லை.

பிம்லா தன் காலைப்பசிக்கு வாங்கி
விரலில் தொங்கவிட்டிருந்த மைலோ பொட்டலத்தை
அவிழ்த்து, குழாய் செருகிக் கொடுத்தாள்.
ஒரு சொல் பேசாமல் உறிஞ்சினார்.
மூன்று புள்ளி இரண்டு.
லோரிகள் போக, பாலம் லேசாக ஆடியது.
மூன்று புள்ளி ஏழு.
தூங்கியவர்களும் எழுந்து இறங்கி
ஓர் எண்ணுக்காகக் காத்து நின்றோம்.
நாலரையில் யாரோ கைதட்டினார்கள்.

கம்பெனியில சொல்லிறாத, லைசென்ஸ் போயிரும்
என்றார், கடலைப் பார்த்து.

இருபத்தாறு நிமிடத் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தின் முன்
பேனாவோடு நின்றேன்.
தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்வரை
ஒன்பது வருடம் பிசகாமல் எழுதிய கை.
டயர், என்று எழுதியது.

அன்று ஒரு சில்லு
வெள்ளைக்கும் கறுப்புக்கும் சரியாய் நடுவில் நின்றது.
மறுபடி குளிரில் வைத்தேன், மறுபடி சூட்டில்.
மறுபடியும் நடுவில்.
நோர்ஹயாத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலை வேன் வந்தது.
பிளாஸ்திரி இல்லை.
மஞ்சள் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.
வழக்கமான ஜன்னலோரத்தை விட்டுவிட்டு
நடு இருக்கையில் உட்கார்ந்தேன்,
கண்ணாடியில்
அவர் நெற்றி தெரியும் இடத்தில்.